கிழக்குக் கரை மணல்

வலை பின்னும் முத்திருளாயி அரசவையில் வந்து நின்றாள். அவளுடைய தம்பியையும் வேறு நான்கு பேரையும் ஆடி மாதத்தில் கல்தீவுக்கு நாடு கடத்தியிருந்தார்கள். வாரந்தோறும் அவர்களுக்கு அரிசியும் குடிநீரும் கொண்டுபோவது கடற்காவல் தலைவர் வீரகங்கரின் பொறுப்பு.

"மகாராஜா, ஒரு மாதமாக அங்கே படகே போகவில்லை. மழைநீரை நம்பி எத்தனை நாள் உயிரோடு இருப்பார்கள்?"

"பொய்!" என்று சீறினார் வீரகங்கர். "நேற்றுகூடக் கிழக்குக் கரை மணலில் இறங்கி, என் கையாலேயே கொடுத்தேன்."

அரசர் அவளை முறைத்தார். "வீண்பழி என்றால் உனக்கும் அந்தத் தீவுதான்."

"சரி, மகாராஜா. ஐயா நேற்று இறங்கிய இடத்திலேயே இன்றும் இறங்கட்டும். நானும் கூட வருகிறேன்."

"வா, போகலாம்!" என்று சிரித்தார் வீரகங்கர்.

"ஆடியில் கிழக்கே மணல் இருந்தது, ஐயா. இந்த மாதம் வாடைக்காற்று தொடங்கிவிட்டது. அது அடித்தால் அவ்வளவு மணலும் மேற்கே போய்விடும். கிழக்கே இப்போது வெறும் பாறை. படகு பிளந்துவிடும். எனக்கு நீச்சல் தெரியும். உங்களுக்கு?"

படகு தயார் என்று ஆள் வந்து சொன்னான். வீரகங்கர் அசையவில்லை. அரசருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்று மாலை, தீவின் மேற்குக் கரையில் இறங்கியவளைப் பார்த்துத் தம்பி ஈனக்குரலில் கேட்டான்: "அக்கா, உன்னையும் இங்கே தள்ளிவிட்டார்களா?"

"முதலில் தண்ணீரைக் குடிடா. மகாராஜா உங்களை விடுவித்துவிட்டார், கூட்டிப்போகத்தான் வந்தேன். ஒரு குடம் மட்டும் மிச்சம் வையுங்கள். அடுத்த படகில் வீரகங்கர் வருகிறார்."