பேர் வெட்டிய தூக்குவாளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஒரே ஒரு எழுத்து இடம் மாறியிருந்தாலும் என் முன்பல் விழட்டும். முன்பல் எனக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

"மூணு மாசமாத் துடைக்கிறேன். இன்னும் ஒரு சீட்டு எழுத விடலையேம்மா நீங்க?"

இப்படிக் கேட்டவர் குற்றாலிங்கம். வயது அறுபத்துமூன்று. அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர்.

கேட்கப்பட்டவள் சந்தனமாரி. வயது நாற்பத்தைந்து. பழைய பஸ் ஸ்டாண்டில், 'பொருள் வைக்கும் அறை'யில், பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தவள்.

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அறை மட்டும் போகவில்லை. யாரும் திரும்பி வந்து கேட்காத பைகள் அதில் இருந்தன. இதையெல்லாம் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சந்தனமாரி உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் ஊர்க்காரர்களே வர ஆரம்பித்தார்கள். வீட்டில் வைக்க இடமில்லாத, தூக்கிப்போட மனசு வராத சாமான்களோடு. ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கட்டி, வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது அதை மியூசியம் என்கிறார்கள். போர்டு என்னவோ அதே பழைய போர்டுதான்.

சந்தனமாரியிடம் சட்டம் ஒன்றே ஒன்று. சாமானில் இருக்கிற பேரும், கேட்கிறவர் வாயில் வருகிற பேரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒருத்தர் சேவலைக் கூடையோடு வைத்துவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம் கழித்து வந்தார். கூடையில் எழுதியிருந்த பேரைச் சரியாகச் சொன்னார். சேவலைக் கொடுத்துவிட்டாள். என் கண்ணால் பார்த்தேன். சேவலுக்குக் கொண்டை நரைத்திருந்தது.

குற்றாலிங்கத்தின் மனைவி பூரணம் தை மாதம் போய்ச் சேர்ந்தாள். பங்குனியில் அவர் இங்கே வந்தார்.

"ஒரு சாமானைக் கெடாம வச்சிருக்கிறது எப்படி? எனக்குச் சொல்லித் தாங்க."

சந்தனமாரி ஒரு துணியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அந்தத் துணியோடுதான் மூன்று மாதம்.

"சரி, எழுதுங்க அண்ணாச்சி" என்றாள் இப்போது.

அவர் அன்றைக்கே சிவப்புப் பேனா வாங்கி வந்தார். நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. ஒன்றை விடவில்லை. எல்லாவற்றையும் திருத்திப் புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துப் போட்டார்.

சந்தனமாரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆவுடைத்தங்கம் வந்தாள். பூக்கட்டி விற்கிறவள். வாராவாரம் வந்து தன் அப்பாவின் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

நின்றாள். எழுத்துக்கூட்டிச் சீட்டைப் படித்தாள். குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள்.

"என்ன தேடுதிய?" என்றார் குற்றாலிங்கம்.

"பெட்டி இருக்கு. எங்கய்யாவைக் காணமே?"

சீட்டில் அவர் எழுதியிருந்தது இது: முகச்சவரப் பெட்டி. தகரம்.

அவள் எழுதி வைத்திருந்தது இது: எங்க அய்யா மொகம் மளிக்கிற பெட்டி. ஒரு பயலும் தொடக் கூடாது.

ஆவுடைத்தங்கம் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குற்றாலிங்கம் சந்தனமாரியைப் பார்த்தார்.

"கிழிச்சது கிழிச்சதுதானே. இனி என்னம்மா செய்ய?"

"பிழையெல்லாம் ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியாக இருந்தது எதுவும் அவருக்கு ஞாபகத்தில் நின்றதில்லை. பிழை என்றால் முப்பத்தைந்து வருஷத்துப் பிழையும் வரிசையாக வரும்.

உட்கார்ந்தார். 'மழிக்கிற' என்று வந்த கையைப் பிடித்து நிறுத்தி, 'மளிக்கிற' என்று எழுதினார். பளைய என்று எழுதினார். கடியாறம் என்று எழுதினார். ரெண்டு நாளில் நூற்றுப் பன்னிரண்டும் திரும்ப வந்தன. பேனாவைப் பிடித்த விரல் வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"சனிக்கிழமை பூனாவுக்குப் போறேன். மகளோட இருக்கப் போறேன். அவ வீட்டில இதுக்கு இடமில்ல. பழைய சில்வர்னு எடைக்குப் போட்டுருவா. இங்க வச்சுக்கிடுங்க."

"யாரு சாமான்?"

"பூரணம்."

சந்தனமாரி வாளியைத் திருப்பினாள். பேர் வெட்டியிருந்தது. விரல் வைத்துப் படித்தாள்.

"பூணரம்னுல்லா இருக்கு."

"அது பிழைம்மா. பூரணம்னு இருக்கணும்."

கல்யாணச் சீராக வந்த வாளி அது. பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவன் உளியைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தெருவில் யானை வந்ததாம். அவன் யானையைப் பார்த்தான். உளி தன் பாட்டுக்குப் போய்விட்டது. நடுவில் இருந்த ரெண்டு எழுத்தும் இடம் மாறிவிட்டன.

"பேர் ஒத்துவரலையே அண்ணாச்சி" என்று சந்தனமாரி வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அவர் ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் கொண்டுவந்து பரப்பினார்.

"பாருங்க. பூரணம். இதுலயும் பூரணம்."

"இந்த வாளி உங்க வீட்டுதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஆனா பூரணம்னு ஒருத்தர் வந்து கேட்டா இந்த வாளியை நான் எடுத்துக் குடுக்க முடியுமா?"

"அவ எங்கம்மா வரப் போறா?" என்று கத்திவிட்டார்.

சந்தனமாரி துணியை எடுத்து, துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தாள்.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே பாத்திரக்கடைக்குப் போனார். இப்போது உளி இல்லை, மிஷின். கடைக்காரர் வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷ வேலை சார். பழசைத் தேய்ச்சுட்டுப் புதுசா வெட்டிரலாம்."

மிஷின் 'ஸ்ஸ்' என்றது.

கல்யாணமான புதிது. இந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சந்தனமாரியிடம் கத்தின மாதிரியே அன்றைக்கும் கத்திக்கொண்டிருந்தார். பிழை திருத்துகிறவன் வீட்டில் பிழையா, அச்சகத்தில் யார் கண்ணிலாவது பட்டால் என் மானம் என்ன ஆகும் என்று ஒரே கூச்சல். "பூணரமாம் பூணரம்!"

அடுப்படியிலிருந்து பூரணம் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள்.

அதிலிருந்து முப்பத்தொரு வருஷம். வெளியில் பூரணம். கதவைச் சாத்தினால் பூணரம். ஒரு தடவைகூட அவள், அது என் பேரில்லை என்று சொன்னது கிடையாது.

"வேண்டாம்" என்றார் குற்றாலிங்கம்.

"என்ன சார்?"

"வேண்டாம், வேண்டாம். நிறுத்துங்க." பிடுங்காத குறையாக வாளியை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் பொருள் வைக்கும் அறைக்குள் நுழைந்தார். பழைய சீட்டு திரும்பி வந்தது தெரிந்து, ஆவுடைத்தங்கம் அப்பா பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் போகட்டும் என்று காத்திருந்தார். அவள் போவதாக இல்லை.

"யாரு சாமான் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டாள் சந்தனமாரி.

அவர் தொண்டையைச் செருமினார். ஆவுடைத்தங்கத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"பூணரம்" என்றார்.

காதில் விழவில்லை என்பதுபோல் சந்தனமாரி நிமிர்ந்தாள்.

"ஏ, பூணரம்!"

வீட்டில் கூப்பிடுகிற அதே குரல். கூப்பிட்டுவிட்டு, பழக்கதோஷம், தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார்.

ஆவுடைத்தங்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள்.



சந்தனமாரி ஒரு வெற்றுச் சீட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் எழுதினார். கண் மறைத்ததால் கோடு கோணலாகப் போனது. பூணரம். கூப்பிட்டா 'என்ன'ம்பா.

முப்பத்தைந்து வருஷப் பழக்கம். ஒரு தடவை படித்துப் பார்த்தார். பேனாவை மூடினார்.

சந்தனமாரி வாளியை ரெண்டு கையாலும் வாங்கி, ஆவுடைத்தங்கத்து அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். டோக்கனை எடுத்து நீட்டினாள்.

"பூனாவிலேருந்து எப்ப வேணும்னாலும் வாங்க அண்ணாச்சி. இதே மாதிரி கேளுங்க. எடுத்துத் தாரேன்."

இந்தக் கதையை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் முழுக்கப் பாத்திரத்தில் பேர் வெட்ட ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

யானை வந்தது என்னவோ நிஜம்.