அருளப்பன் பிடித்த மூன்று கேட்ச்

சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். இப்போதே சிரித்துவிடாதீர்கள், அருளப்பன் கடுங்கோபத்தில் இருக்கிறான்.

அருளப்பன் பேஸ்பால்காரன். ஆட்டம் எங்கோ நடக்க, மைதானத்தின் கோடியில் தனியாக நின்று, உயரப் பறந்து வரும் பந்தை ஓடிப் பிடிப்பது அவன் பிழைப்பு. பதினாறு வருஷத்தில் மூன்று நாடு, ஒன்பது அணி. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். தலை நரைத்ததும் போய் வா என்றார்கள். வந்துவிட்டான்.

வந்தவன் நேரே போனது நாச்சியார் டீச்சரிடம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவனைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் இந்த ஆட்டத்தில் அவனுக்கு அவர்தான் குரு.

"இதைப் பாருங்க டீச்சர்!"

போனை நீட்டினான். கடைசி அணி போட்ட வழியனுப்பு வீடியோ. வர்ணனைக்காரன் தொண்டை கிழியக் கத்தினான்: "ஆருலப்ப்ப்ப்பான்!" மூன்று கேட்ச். மூன்றாவது, வேலிமேல் பாதி ஏறிப் பிடித்தது.

"மூணாவது பிரமாதம்ண்ணே."

"அது நான் இல்ல!"

டீச்சர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எனக்கப்புறம் என் நம்பர் சட்டையைப் போட்டவன். கிளவுஸ் எந்தக் கையில இருக்கு பாருங்க, வலக்கையில! அவன் இடக்கைக்காரன். வெயில்ல காய்ஞ்சு கருவாடா போனவன் நான். எனக்கு மூணே மூணு கேட்ச், அதுலயும் ஒண்ணு அவனோடது! வீடியோ போட்டவனுக்குப் போன் பண்ணிக் கேட்டா என்ன சொல்றான் தெரியுமா?" அருளப்பன் மூக்கால் பேசிக் காட்டினான். "'ஸார், ரசிகர்களுக்கு அதுதான் ஸார் ரொம்பப் பிடிச்சிருக்கு!'"

டீச்சர் உதட்டைக் கடித்தார்.

"சிரிக்கிறீங்களா?"

"இன்னும் இல்லண்ணே. சிரிக்க வேற ஒண்ணு வச்சிருக்கேன்."

"முதல்ல எனக்கு ஒரு வழி சொல்லுங்க. அதை எடுடான்னா ரெண்டுதான் மிஞ்சும். விட்டுட்டா பொய். இதுல எது டீச்சர் நான்?"

"கிளவுஸ் கொண்டாந்தீங்களா?"

"கையோடதான் இருக்கு."

"நடு மைதானத்துல போய் நில்லுங்க. சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட மைதானத்தில் ஈ காக்கை இல்லை. டீச்சர் பந்தைத் தூக்கிப்போட்டு மட்டையால் அடித்தார். அருளப்பன் நாலு எட்டு ஓடிப் பிடித்தான்.

"சொல்லுங்க!"

"அடுத்ததுக்கு அப்புறம்."

அடுத்தது வலப்பக்கம் போனது. பிடித்தான். "அஞ்சாவது அணியில இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் பிடிச்சேன். அங்க ஒரு கேமரா கிடையாது! கேக்க நாதியில்ல!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணுண்ணே."

"விளையாடுறீங்களா?"

டீச்சர் மட்டையை ஓங்கினார்.

டக்!

நல்ல அடி, தலைக்கு மேலே போகிற பந்து. சத்தமே சொல்லிவிட்டது. அண்ணாந்து பார்த்து நின்றால் பந்து முந்திவிடும். அருளப்பன் முதுகைத் திருப்பிக்கொண்டு பறந்தான். செருப்பு ஒன்று கழன்று போனது. மைதானத்து மதில் சுவரில் தோள் இடிக்க, எம்பி, கிளவுஸை நீட்டி நிமிர்ந்து பார்த்தான்.

வெறும் வானம்.

திரும்பினான். பந்து டீச்சரின் இடது கையில் பத்திரமாக இருந்தது. டீச்சர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து இன்னொரு தரம் சொடுக்கினார்.

டக்!

அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தரையில் உட்கார்ந்தே விட்டார்.

"இது நியாயமா டீச்சர்!" அருளப்பன் ஒற்றைச் செருப்போடு கத்திக்கொண்டே வந்தான். "அடிக்காத பந்துக்கு ஓட விட்டீங்களே! இந்த வயசுல! அதுவும் என்ன ஓட்டம் ஓடினேன் பார்த்தீங்களா? சத்தம் கேட்ட நிமிஷமே திரும்பிட்டேன், ஒரு தடவை கூட..."

"பார்த்தேன்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எது நான்னு கேட்டீங்களே, இப்ப ஓடினது யாருண்ணே?"

அருளப்பன் கழன்ற செருப்பைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அவனும் சிரித்துவிட்டான்.