ஐந்து வேலைக்கு ஓர் ஆள்

முன்னொரு காலத்தில், மன்னருக்குக் காலையில் தோன்றிய யோசனை மாலைக்குள் சட்டமாகிவிடும் நாடு ஒன்று இருந்தது. மன்னர் பெயர் மணிமுடிவர்மர். ஓர் ஐப்பசி மாதக் காலையில், கோட்டை வாசலில் மூன்று காவலர்கள் தாயம் ஆடுவதை அவர் பார்த்துவிட்டார்.

"அமைச்சரே, நம்மிடம் ஆட்கள் அதிகம். ஓராண்டு சிக்கனமாக ஆண்டு பார்ப்போம்" என்றார்.

தலைமை அமைச்சர் வில்லவராயருக்கு வாயெல்லாம் பல். அன்றே ஆணை எழுதிவிட்டார்: நாற்பது பேருக்கு வேலை இல்லை, அவர்கள் வேலையை மற்றவர்கள் பார்க்க வேண்டும், ஒருவர் ஒரு வேலையை ஒருமுறை தொட்டுவிட்டால் அது அவருடைய தலையில்தான்.

மறுநாள், அரசவை விகடகவி கூத்தபிரான் வீட்டு வாசலில் பேச்சி என்ற பெண் அழுதுகொண்டு நின்றாள். பெரிய ஏரியின் மதகுக் காவலன் கருப்பண்ணனின் மனைவி.

"ஐயா, எங்க வீட்டுக்காரரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. சோத்துக்கு என்ன செய்யப் போறோமோ, அது கிடக்கட்டும். மழை அடிச்சு ஊத்துனா மதகை யாருய்யா தெறக்குறது? கரை உடைஞ்சா கீழ மூணு ஊரு போயிருமே!"

கூத்தபிரான் நேரே அரசவைக்குப் போய்ச் சொன்னான். மன்னர் எதைக் கேட்டாலும் முதலில் இவனைத்தான் கேட்பார் என்பதில் வில்லவராயருக்கு நெடுநாள் எரிச்சல். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மன்னர் பெருமானே, இத்தனை கவலைப்படுகிறவர் மதகையும் தாமே பார்த்துக்கொள்ளலாமே! விகடம் சொல்வது ஒரு வேலையா? கூடவே மணிக்கூண்டில் ஏறி நாழிகை சொல்வது, குதிரைக்குத் தீனி வைப்பது, தாங்கள் உண்ணும் முன் உணவைச் சுவைத்துப் பார்ப்பது, இவையும் காலியாக இருக்கின்றன."

"நல்ல யோசனை! எதிலும் விதி பிசகக் கூடாது" என்றார் மன்னர்.

பிசகினால் விகடகவியை நாட்டைவிட்டே துரத்திவிடலாம் என்பது வில்லவராயரின் கணக்கு. கூத்தபிரான் குனிந்து வணங்கினான். "ஓர் எழுத்தும் பிசகாது, மன்னா."

ஓராண்டு ஓடியது. மன்னர் தனியே உண்ணும் நாட்களில் கூத்தபிரான் எப்படியோ ஓடியாடிச் சமாளித்தான். ஆண்டு நிறைவன்று பெரிய விருந்து. பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்தார். வெளியே மழை கொட்டியது. நாற்பது பேர் இல்லாமலே ஆட்சி எப்படிச் சிறந்தது என்று வில்லவராயர் நீண்ட அறிக்கை ஒன்றை வாசித்து முடிப்பதற்குள் எல்லோர் வயிறும் கூவத் தொடங்கிவிட்டது.

இலை போட்டார்கள். கூத்தபிரான் ஒரு கவளம் சுவைத்துவிட்டு மன்னர் முன் கைகட்டி நின்றான். விருந்து என்றால், சுவைத்தவன் ஒரு நாழிகை மன்னர் கண்ணெதிரே உயிரோடு நின்றால்தான் மன்னர் உண்ணலாம். அதுதான் விதி.

நெய்ச் சோற்றின் மணம் மூக்கைத் துளைத்தது. நெடுநேரம் ஆயிற்று.

"நாழிகை ஆகவில்லையா?" என்றார் மன்னர்.

"தெரியவில்லை, மன்னா. நாழிகை சொல்பவன் மணிக்கூண்டில் இல்லை."

"எங்கே தொலைந்தான்?"

"இங்கேதான் நிற்கிறான். தான் சாகவில்லை என்று தங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான்."

தூதர் மேலாடையால் வாயை மூடிக்கொண்டார்.

"அப்படியானால் போய்ப் பார்த்து வா!"

"போகிறேன். ஆனால் கண்ணெதிரே நிற்க வேண்டியவன் கண்ணெதிரே இல்லாமல் போவான். திரும்பி வந்து மறுபடி முதல் கவளத்திலிருந்து தொடங்க வேண்டும். விதி பிசகக் கூடாதே."

"வில்லவராயரே, நீராவது போய்ப் பாரும்!"

அமைச்சர் இரண்டடி வைத்தார். "போய் வாருங்கள், ஐயா. தொட்ட வேலை தங்கள் தலையில்தான்" என்றான் கூத்தபிரான். அமைச்சர் மணிக்கூண்டின் நூற்றிருபது படிகளை நினைத்துப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

மன்னருக்குச் சிரிப்பு வந்தது. அதே கணம் வெளியே இடி இடித்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"கூத்தபிரா, மதகுக்காரன்?"

"அவனும் இங்கேதான் நிற்கிறான், மன்னா."

மன்னர் இலையைவிட்டுத் துள்ளி எழுந்தார். "ஐயோ, மூன்று ஊர்! குதிரையைக் கொண்டு வாருங்கள்!"

கூத்தபிரான் அவர் காலில் விழுந்தான். "பதற வேண்டாம். ஏரி பத்திரமாக இருக்கிறது. விதி பிசகாது என்று சொன்ன நான் இந்த ஒன்றில் மட்டும் பிசகினேன். ஓராண்டாக மதகில் இருப்பவன் கருப்பண்ணன்தான். எனக்கு அளக்கும் நெல்லில் பாதி அவன் வீட்டுக்குப் போகிறது. தண்ணீரிடம் மட்டும் விகடம் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை, மன்னா. தண்டிப்பதானால் தண்டியுங்கள்."

மன்னர் அவனைக் கைகொடுத்துத் தூக்கினார்.

"நாற்பது பேரும் நாளைக் காலையில் வேலைக்கு வரட்டும். ஓராண்டு நெல்லும் அவர்களுக்கு அளந்துவிடுங்கள். மணிக்கூண்டு மட்டும் ஒரு மாதம் வில்லவராயர் வசம் இருக்கட்டும்."

அமைச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிக் கூத்தபிரானுக்கு மாட்டினார். "வேறென்ன வேண்டும், கேள்!"

"மூன்று நாள் யாரும் என்னை எதற்கும் கூப்பிடக் கூடாது, மன்னா."

அந்த மூன்று நாளும் அவன் விட்ட குறட்டை தெருக்கோடி வரை கேட்டதாம்.