பொழுது சாய்ந்தால் திரும்பும் படகு

ஆமைகள் வாய் திறந்து பேசிய காலம் அது. நம்புகிறவர்கள் அருகே வந்து உட்காருங்கள்; நம்பாதவர்களும் உட்காருங்கள், மணல் எல்லாருக்கும் பொது. அந்தக் காலத்திலே திரைமங்கலம் என்று ஒரு கடற்கரை ராஜ்ஜியம் இருந்தது. அங்கே செம்பவளம் என்று ஒரு பெண். அப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் அவன் படகு அவளுக்கு வந்தது. அம்மா அன்னத்தாய்க்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

செம்பவளத்துக்குத் தண்ணீர் என்றால் உயிர். குளிக்க இறங்கினால் கரையேற மனம் வராது. வானமும் கடலும் தொட்டுக்கொள்ளும் விளிம்பையே பார்த்தபடி நிற்பாள். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு வலிக்கும். ஆனால் திரைமங்கலத்துப் படகு எதுவும் அந்த விளிம்பைத் தாண்டியதில்லை. பாய் விரியும், காற்று வரும், படகு போகும். பொழுது சாய்ந்ததும் தானாகத் திரும்பிக் கரையில் வந்து முட்டும். துடுப்பைப் போட்டு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் நிற்காது.

ஒருநாள் அவள் வலையில் பெரிய ஆமை ஒன்று சிக்கியது. நல்ல வலை, ஆனாலும் அறுத்து ஆமையை விடுவித்தாள். ஆமை உடனே போகவில்லை, பதிலுக்கு ஒரு கதை சொன்னது. பழைய ராணி ஒருத்தியின் மகன் கப்பலேறிப் போனவன் திரும்பவே இல்லையாம். இனி எந்தத் தாய்க்கும் இந்தக் கதி வேண்டாம் என்று ராணி ஒரு மந்திரவாதியை அழைத்தாளாம். அவன் கயிறு கேட்கவில்லை, சங்கிலி கேட்கவில்லை, பூதத்தைக் காவல் வைக்கவில்லை. சனங்களின் வாயில் இருந்ததையே எடுத்துப் படகுகளைக் கட்டிவிட்டான்.

“கிளம்புதவ ‘போயிட்டு வாரேன்’ங்கா. அனுப்புதவ ‘போயிட்டு வா’ங்கா. அந்த ‘வா’தான் கயிறு,” என்றது ஆமை. “உன்னை உசுரா நினைக்கவ, வாயார, மனசார, ‘போ’ன்னு மட்டும் சொல்லணும். அப்பம் எல்லாருக்குமே கட்டு அந்துரும். நாங்க முட்டையிட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போயிருவோம். உங்க சனத்துக்கு அது வராது.”

வராதுதான். தெருமுனைக்கு உப்பு வாங்கப் போனாலும் நாம் ‘வாரேன்’ என்றுதானே சொல்கிறோம்? அந்த ஊரில் வெறும் ‘போ’ என்பது பிணத்தைத் தூக்கும்போது சொல்வது. அதைப் பெற்ற மகளிடம் எந்தத் தாய் சொல்வாள்?

செம்பவளம் கேட்டுப் பார்த்தாள். அன்னத்தாய் காதைப் பொத்திக்கொண்டு, “போயிட்டு வா” என்றே அனுப்பினாள். பாய் விரிந்தது, காற்று வந்தது, படகு போனது. பொழுது சாய்ந்ததும் திரும்பியது.

மறுபடி கேட்டாள். மகளின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அன்னத்தாய் கண்ணை மூடிக்கொண்டு “போ” என்றாள். வாய் சொன்னது, மனசு ‘வா, வா’ என்று அலறியது. பாய் விரிந்தது, காற்று வந்தது, படகு போனது. பொழுது சாய்ந்ததும் திரும்பியது. அன்னத்தாய்க்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை, செம்பவளம் பார்த்துவிட்டாள்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. படகைக் கவிழ்த்துப் போட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கருவாடு காயவைத்தாள். குளிக்கக்கூடக் கிணற்றடிக்குத்தான் போனாள். அம்மாவிடம் சிரித்துப் பேசினாள், குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆசைப்பட்டபடி மகள் வீட்டோடு இருக்கிறாள். அன்னத்தாய்க்கோ சோறு இறங்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் மகளைத் தேடித் தேடிப் பார்த்தாள், காணவில்லை.

ஒரு காலையில் அன்னத்தாய் தானே படகை நிமிர்த்தினாள். தண்ணீர்ப் பானையும் அவல் மூட்டையும் ஏற்றினாள். மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

“வேண்டாம்மா. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

“நீ எங்கட்டி இங்க இருக்க? உன் உசுரு அங்கனல்லா கிடக்கு. ஏறு.”

படகைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டே கழுத்தளவு தண்ணீர் வரை போனாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

“போ, மக்ளே,” என்றாள். “போ.”

மனசும் அதையே சொன்னது. கரை நெடுகக் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். மணலில் கிடந்த படகுகள் எல்லாம் லேசாக ஆடின. பாய் விரிந்தது, காற்று வந்தது, படகு போனது. பொழுது சாய்ந்தது. படகு திரும்பவில்லை.

செம்பவளம் விளிம்பை அடைந்தபோது, அதற்கு அப்பால் இன்னொரு விளிம்பு இருந்தது. அதைக் கண்டதும் வாய்விட்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷம். அதையும் தாண்டினாள். தீவுகளைப் பார்த்தாள், பெயர் தெரியாத பறவைகளைப் பார்த்தாள், அம்மாவைத் தினமும் நினைத்தாள். இங்கே திரைமங்கலத்தில் ஊர், மகளுக்குச் சாவுச் சொல் சொன்னவள் என்று அன்னத்தாயை ஏசியது. ஏசியவர்களின் படகுகளும் ஒவ்வொன்றாக நெடுந்தூரம் போகத் தொடங்கின.

மழைக்காலம் வந்து போன பிறகு, ஒரு மத்தியானம், தூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. அன்னத்தாய் தண்ணீருக்குள் ஓடினாள். இழுக்க மந்திரம் இல்லை, காற்றும் எதிர்க்காற்று. கை தோலுரியத் துடுப்பு வலித்து, விளிம்புக்கு அப்பாலிருந்து தன் இஷ்டத்துக்கு வீடு திரும்பிய முதல் ஆள் அந்த ராஜ்ஜியத்தில் செம்பவளம்தான்.