ரெண்டாம் நம்பரில் கூவும் பறவை

பாளையங்கோட்டைப் பறவைநோக்கர் சங்கத்தில் சிறப்புரையாற்ற வந்த பேராசிரியர் தாமோதரம், கண்ணை மூடிக்கொண்டே குரலை வைத்து எந்தப் பறவையையும் கண்டுபிடிப்பவர். அப்படி அவரே சொன்னார், நாம் மறுக்க முடியுமா? பேச்சின் நடுவே "கீச்ச்… கீச்ச்…" என்று கேட்டது.

"ஆகா! சைபீரியக் கீச்சான், பெட்டை! இணை தேடும் காலத்தில் மட்டும்தான் கூவும். இந்தியாவிலேயே இதுதான் முதல் பதிவு!"

செயலாளர் உடனே பதிவேட்டில் ஏற்றினார். பேராசிரியர் காவலாளி நயினார் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டு வருஷமா இங்கே இருந்தும் உனக்குத் தெரியலையா? பத்து நிமிஷத்துல அதைக் கண்ணுல காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வேற ஆளை வைக்கச் சொல்லிடுவேன்." செயலாளரும் தலையாட்டினார்.

"பத்து நிமிஷம் எதுக்குய்யா? எல்லாரும் தொலைநோக்கியை எடுத்து அண்ணாந்து பாருங்க" என்றார் நயினார்.

முப்பது தொலைநோக்கிகள் உயர்ந்தன. நயினார் போய் மின்விசிறியை நிறுத்தினார். கீச்சொலியும் நின்றது.

"ரெண்டாம் நம்பர்ல வச்சாத்தான் கூவும்யா. கரண்டு போச்சுன்னா இதுக்கு இணை ஞாபகமே வராது. எண்ணெய் விடணும்னு செயலாளர் ஐயாகிட்ட மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

மறுநாள் ஏணி போட்டு எண்ணெய் விட்டதும் நயினார்தான். பதிவேட்டை அடித்துத் திருத்தத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில், "அதன்பின் இப்பறவை தென்படவில்லை" என்று செயலாளர் எழுதி வைத்தார்.