தூக்கணாங்குருவி வெளிச்சம் வாங்கிய கதை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்தபோது, வெளிச்சத்தைத் தினைக்கதிர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மின்மினிகளை வீடு வீடாக அனுப்பும் தரகு வேலையைப் பெருச்சாளி பார்த்தது.

ஓடைக்கரைப் பனையில் மஞ்சி என்றொரு தூக்கணாங்குருவி இருந்தாள். போன மழைக்காலத்தில் இருட்டோடு இருட்டாக ஏறிவந்த பாம்பு அவள் குஞ்சுகளை விழுங்கிவிட்டது. அதனால் இம்முறை முட்டை பொரியும் முன்பே, ஓர் அந்தியில் விளக்குத் தேடிப் பெருச்சாளியிடம் வந்தாள்.

"ஒரு மின்மினிக்குப் பத்துக் கதிர்," என்றது பெருச்சாளி.

"காலையில் இரண்டு என்றாயே அண்ணே?"

"காலை விலை காலையோடு போச்சு. வேண்டாமென்றால் நகரு தாயி, பின்னால் ஆள் நிற்கிறது."

மஞ்சிக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டாள். முட்டைகளுக்குப் புருஷன் காவல்.

ஊர் ஊராகப் பறந்தாள். தாழங்காட்டில் மின்மினி மொய்த்தது, விலை மலிவு. கரட்டுமேட்டில் ஒன்றிரண்டுதான், விலை கொள்ளை. மழை பெய்தால் இறங்கியது, வெயில் காய்ந்தால் ஏறியது. ஆனால் எந்த ஊரிலும் அந்தியில் அடிதடி, விடியலில் சீந்த ஆளில்லை.

மலிவான நேரத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று, விடியலில் ஒரு மின்மினியைப் பிடித்துக் கேட்டாள்: "இப்போதே வந்து அந்திவரை என் கூட்டில் இருக்கிறாயா?"

"உன் கூடு வெறும் புல்லும் நாரும் அக்கா. பகல் சூட்டில் காய்ந்தே செத்துப்போவேன். ஈரம் பெருச்சாளி வளையில்தான் இருக்கிறது. அதனால்தான் அது சொன்னபடி ஆடுகிறோம்."

மஞ்சி ஓடைக்குப் பறந்தாள். அலகு நிறையக் களிமண் எடுத்துவந்து கூட்டின் உட்சுவரில் அப்பினாள். பெயர்ந்து விழுந்தது. மறுபடி அப்பினாள். அலகோரம் கிழிந்து ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. ஒருவழியாக மண் பிடித்தது. மின்மினி அதில் உட்கார்ந்து பார்த்தது.

"குளுகுளுவென்று இருக்கிறதே!" என்று அங்கேயே தங்கிவிட்டது.

குஞ்சு பொரித்த அன்று அந்தியில் பாம்பு பனையேறியது. கூட்டுக்குள் வெளிச்சம், வாசலில் அலகை நீட்டியபடி மஞ்சி. ஏறிய பாம்பு சத்தமில்லாமல் இறங்கிப் போனது.

அன்று முதல்தான், எந்தத் தூக்கணாங்குருவியும் கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை அப்பாமல் முட்டையிடுவதில்லை.