கிணற்று வாயில் ஒரு வண்ணத்திரை

முதலில் ஒரு விடுகதை. திரை ஒன்று, நேரமும் ஒன்று. மேலே நிற்பவருக்குச் சிவப்பு, கீழே நிற்பவருக்குப் பச்சை. இரண்டில் எது பொய்?

தெரிந்தவர்கள் கதை முடியும்வரை சொல்ல வேண்டாம்.

“கிணறு வெட்டிய சடையன் என் பேச்சைக் கேட்கவில்லை, ஐயா. அதனால்தான் செத்தான்” என்றான் சீடன்.

கிணறு வெட்டுகிறவர்களுக்காகச் சீடன் செய்த திரை அது. சாயம் ஒரு துளியும் கிடையாது. சிப்பியின் உட்புறம்போல, மெல்லிய ஏடுகளை அடுக்கி ஒட்டிய பலகை. நல்ல காற்றில் மயில் கழுத்துப் பச்சை. கிணற்றிலிருந்து கிளம்பும் விஷக்காற்று பட்டால் ஏடுகள் உப்பிச் சிவப்பாகும். அதைக் கிணற்று வாயில் கம்பம் நட்டுக் கட்டியிருந்தான்.

“அன்று சிவந்ததா?” என்றார் குரு.

“நன்றாகச் சிவந்தது. நீங்களும் என் பக்கத்தில் நின்று பார்த்தீர்களே. ‘ஏறி வா’ என்று கத்தினேன்.”

“அவன் சொன்னது நினைவிருக்கிறதா?”

“சிரித்தான். ‘பச்சையாத்தானே இருக்கு, சாமி. கண்ணு கெட்டுப்போச்சா? இன்னும் ரெண்டு கூடை மண்ணு’ என்றான்.”

குரு அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். விஷக்காற்று இன்னும் அடங்கவில்லை. திரை சிவப்பாகவே இருந்தது.

“உட்கார்.”

உட்கார்ந்தான். சிவப்பு மஞ்சளானது.

“படு.”

கம்பத்தடியில் தலை வைத்துப் படுத்து, கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தான்.

பச்சை.

அவன் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த கிணற்றுக்கு வேறு திரை கொண்டுவந்தான். தேங்காய்போல உருண்டை. எங்கே நின்றாலும் அதன் ஒரு பக்கம் நம்மை நேராகப் பார்க்கும்.

“இனிப் பயமில்லை. இறங்கலாம்” என்றான்.

கிணறு வெட்டுகிறவர்கள் யாரும் நகரவில்லை.

“நல்லாத்தான் இருக்கு, சாமி” என்றார் கூட்டத்தில் மூத்தவர். “போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு.”

குரு, சடையனின் மகள் பேச்சியைக் கூப்பிட்டார். சின்னப் பெண். தோளில் அப்பாவின் சைகைக் கயிறு. கீழே இருப்பவர் அதைச் சுண்டினால், மேலே இருப்பவர்கள் அவரைத் தூக்கிவிட வேண்டும்.

“முதலில் யார் இறங்குவது? நீ சொல், தாயி.”

பேச்சி திரையைப் பார்க்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

பிறகு கயிற்றின் ஒரு முனையைச் சீடனின் இடுப்பில் கட்டினாள். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.